செத்த தண்ணி

செல்வலட்சுமியைப் பெரிய விஞ்ஞானி என்று சொல்வதற்கில்லை. முப்பது வருட ஆய்வில் அவர் சொன்னவை எல்லாம் சரியாக இருந்தன என்பது உண்மை. ஆனால் சரியாக இருப்பது ஒரு நல்ல தராசுக்கும் உள்ள தகுதிதான். அவருடைய துறைக்காரர்கள் அவரை நம்பினார்கள், கொண்டாடவில்லை. அவரும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. அவர் வேண்டியது ஒன்றுதான். தான் படித்த படிப்பு தன் அண்ணனுடைய தோப்புக்கு ஒரு தடவையாவது உதவ வேண்டும். அது நடக்கவில்லை.

அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏட்டாக இருந்தார். போலீஸ் குடியிருப்பின் இரண்டு அறைகளில்தான் அண்ணனும் தங்கையும் வளர்ந்தார்கள். சோழபுரத்துக்கு மேற்கே, மலையைப் பார்த்துப் போகும் வண்டிப்பாதையில் குடும்பத்துக்கு நான்கு ஏக்கர் இருந்தது. அண்ணன் சங்கையா பன்னிரண்டாவது முடித்ததும் பட்டாளத்துக்குப் போனார். தங்கை நிலவியல் படிக்கப் போகிறேன் என்றபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை. அது என்ன படிப்பு என்று யாருக்கும் தெரியாததும் அதற்கு ஒரு காரணம்.

"நெலாவப் பத்திப் படிக்கப் போறியாக்கும்?" என்று விடுப்பில் வந்திருந்த சங்கையா கேட்டார்.

"நெலாவ இல்லண்ணே, நெலத்த."

"நெலத்தப் பத்திப் படிக்க காலேஜுக்கு எதுக்குட்டி போகணும்? நம்ம தோப்புல வந்து ரெண்டு நாள் நில்லு."

வடக்கே ஒரு ஆய்வுக்கூடத்தில் செல்வலட்சுமிக்கு இடம் கிடைத்தது. அங்கே அவர் செய்தது பாறைகளுக்கு வயது கணிக்கும் வேலை. ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் தானே சுத்தியலால் தட்டி எடுத்த கற்களைத்தான் ஆராய்ச்சிக்குக் கொண்டுபோனார். அந்தக் கல்லைப் பொடித்தால் ரவையைவிடச் சிறிய, ஜிர்கான் என்ற படிகங்கள் கிடைக்கும். அதற்குள் இருக்கும் யுரேனியம் தன் போக்கில், மாறாத வேகத்தில், ஈயமாக மாறிக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு மீதி, எவ்வளவு மாறியது என்று அளந்தால் படிகம் பிறந்த காலம் தெரியும். ஐந்து வருடம் அளந்து, ஐம்பத்தைந்து கோடி வருடம் என்று அவர் எழுதினார்.

"ஒரு கோடி கூடக் குறைய இருந்தா யாரு வந்து கேக்கப் போறா?" என்றார் சங்கையா.

"அந்த ஒரு கோடி தப்பாம இருக்கத்தான்ணே அஞ்சு வருசம்."

"அப்ப சரி. ஒன் வயசு இருபத்தொம்பது. அதையும் அம்மாகிட்ட கணக்காச் சொல்லிரு. ஜாதகத்தத் தூக்கிட்டு அலையுதாக."

கல்யாணம் நடக்கவில்லை. அதற்கு ஒரு சோகக் கதை எதுவும் கிடையாது. முதலில் இயந்திரத்துக்காகக் காத்திருந்தார். அந்த இயந்திரம் வருடத்தில் பாதி நாள் பழுதாகிக் கிடக்கும், ஓடும் நாட்களில் முறைக்கு ஆள் நிற்பார்கள். பிறகு வீட்டில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். ஊரில் மட்டும், கல்லுக்கு வயசு பார்க்கிறவளுக்குத் தன் வயசு தெரியவில்லை என்று ஒரு பேச்சு ரொம்ப நாள் ஓடியது. கேலி என்ற அளவில் மோசமில்லை.

பத்து வருடம் கழித்து வேறொரு நாட்டுக்காரர்கள் நல்ல இயந்திரத்தோடு வந்து அதே மலையை அளந்தார்கள். செல்வலட்சுமியின் எண் கிட்டத்தட்ட அப்படியே நின்றது. பிழையின் அளவு மட்டும் சிறிதானது. அதன்பின் எல்லோரும் அவர்களுடைய கட்டுரையைத்தான் சுட்டினார்கள். தவறென்று தள்ளப்படுவதில் ஒரு மதிப்பாவது உண்டு. சரியாக இருந்தும் தேவைப்படாமல் போவதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை.

அவர் கல்லை விட்டுவிட்டுத் தண்ணீருக்கு வந்தார். முதலில் படிகத்துக்குள் அடைபட்ட நீர்த்துளிகள், பிறகு நிலத்தடி நீர். தண்ணீருக்கு வயது என்றால், மழையாக விழுந்து மண்ணுக்குள் இறங்கியதிலிருந்து ஆன காலம். அறுபதுகளின் அணுகுண்டுச் சோதனைகள் வானத்தில் ட்ரிட்டியம் என்ற ஒரு வகை ஹைட்ரஜனைக் கொட்டிவிட்டன. அதற்குப் பின் பெய்த மழையில் அதன் சுவடு இருக்கும். சுவடே இல்லாத தண்ணீர் அதற்கு முந்தியது. எவ்வளவு முந்தியது என்பதை அதில் கரைந்திருக்கும் கார்பனை அளந்து சொல்லலாம். ட்ரிட்டியம் துளியும் இல்லாத தண்ணீரை ஆய்வுக்கூடத்தில் 'டெட்' என்பார்கள். மழையோடு உறவு அற்றுப்போன தண்ணீர், எடுத்தால் திரும்ப ஊறாது என்று அர்த்தம். அந்தச் சொல்லை அவர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லியும் கேட்டும் பழகியிருந்தார்.

2017 கோடையில் தோப்பு காய ஆரம்பித்தது. சங்கையா அதற்குள் ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்து, முழு நேரமும் அங்கேதான் இருந்தார். பழைய கிணறு வற்றி, முந்நூறு அடி ஆழ்துளைப் போரிலும் விட்டுவிட்டுக் காற்றாக வந்தது. தென்னையில் குரும்பை உதிர்ந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்து வேலுசாமி ஆயிரத்து நூறு அடிக்குப் போர் போட்டிருந்தார். அங்கே தண்ணீர் கொட்டியது. தானும் அப்படியே போடுவதா என்று சங்கையா யோசித்துக்கொண்டிருந்தபோது தங்கையிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, செத்தப் பொறு. நான் வந்து தண்ணியப் பாத்துச் சொல்றேன். அதுவரைக்கும் ஒண்ணும் செய்யாத."

வந்தார். வேலுசாமியின் மோட்டாரிலிருந்து பெரிய டிரம் நிறையத் தண்ணீர் பிடித்தார். அதில் ஏதோ உப்புகளைக் கரைத்து ஊற்றியதும் டிரம் முழுக்க வெள்ளையாகத் திரண்டு அடியில் படிந்தது. அந்தப் படிவில்தான் கார்பன் இருக்கும், அதைத்தான் பாட்டிலில் எடுத்துப் போக வேண்டும். வேலுசாமி எட்டிப் பார்த்தார்.

"என்ன தாயி, தண்ணியில பால் எடுக்கிய?"

"அதுக்குள்ள இருக்கிற கரியத்தான் எடுக்கேன்."

"கரியா? வெள்ளையா இருக்கு, கரிங்கிய. ஏலே சங்கையா, ஒன் தங்கச்சி என்னமோ நம்மளக் கேணயனாக்குதா."

இன்னொரு பாட்டிலில் குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூடினார். முந்நூறு அடி போரிலிருந்து வந்த கொஞ்சத்தையும் பிடித்துக்கொண்டார். சங்கையாவின் மனைவி குருவம்மாள், அந்த பாட்டில்களைச் சாமான் என்று நினைத்துச் சாம்பல் போட்டு விளக்கிவிடாமல் ஒரு நாள் முழுவதும் காவல் காக்க வேண்டியிருந்தது.

முடிவு வர மூன்று மாதமானது. சங்கையா காத்திருந்தார். அந்த மூன்று மாதத்தில் மேற்கு வரிசை மரங்களில் சில தலை சாய்ந்தன. போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்று செல்வலட்சுமி ரயிலேறி வந்தார். தன் வாழ்நாளில் முதல்முறையாக, தன்னுடைய ஒரு முடிவுக்காக மனிதர்கள் காத்திருக்கிறார்கள் என்பது அவருக்குப் பெருமையாகக்கூட இருந்திருக்கலாம்.

வேலுசாமியின் மோட்டார் அறை வாசலில் வைத்துத்தான் சொன்னார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன், வேலுசாமி, இன்னும் நாலைந்து தோப்புக்காரர்கள் நின்றார்கள்.

"மேல இருக்கிற தண்ணி புதுசுண்ணே. போன வருசம், அதுக்கு முந்தின வருசம் மலையில அய்யனார் கோயில் பக்கம் பெஞ்ச மழை. மழை வந்தா அது திரும்ப ஊறும். கீழ ஆயிரம் அடியில இருக்கிறது அப்படி இல்ல. அதுக்கு வயசு பத்தாயிரம் வருசத்துக்குக் கொறையாது."

"அம்புட்டு வருசமாவா?" என்றார் வேலுசாமி. "கெட்டுப்போகாமயா இருக்கு?"

"கெட்டுப்போகல. ஆனா அது செத்த தண்ணி. அண்ணே, கேட்டியா? அங்க கீழ இருக்கிறது செத்த தண்ணிதான்."

சங்கையா கொஞ்சநேரம் மரங்களைப் பார்த்தார்.

"எனக்கு செத்த தண்ணி போதும்ட்டி."

"என்னண்ணே சொல்ற? நான் இம்புட்டு சொல்லியும்…"

"போதும்ங்கேன்ல. நாலு ஏக்கருக்கு அது போதும்."

செல்வலட்சுமிக்கு முகம் சிவந்துவிட்டது. அண்ணன் எல்லாம் புரிந்துகொண்டு, பிணமானாலும் பரவாயில்லை எடுப்பேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டார். சங்கையாவுக்கோ, இருப்பது போதும் என்று அடக்கமாகச் சொன்ன தன்னிடம் தங்கை எதற்குக் கோபப்படுகிறாள் என்று விளங்கவில்லை. சாயங்காலமே செல்வலட்சுமி கிளம்பிவிட்டார். அடுத்த வாரம் போர் போடும் திருச்செங்கோட்டு வண்டி தோப்புக்குள் வந்தது. ஆயிரத்து இருநூறு அடியில் தண்ணீர் பீச்சியது.

ஆறு வருடம் அவர் தோப்புக்கு வரவில்லை. மதினியோடு மட்டும் போனில் பேசுவார். அண்ணன் எப்படி இருக்கான் என்று கேட்பார். தோப்பு எப்படி இருக்கு என்று கேட்கமாட்டார். அந்த ஆறு வருடங்களில் நிலத்தடி நீரின் வயது பற்றி மூன்று கட்டுரைகள் எழுதினார். நல்ல கட்டுரைகள் என்கிறார்கள். அவற்றைப் படித்தவர்கள் ஏற்கனவே அதெல்லாம் தெரிந்தவர்கள்.

ஓய்வு பெற்றதும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வாடகை வீடு பிடித்தார். 2023 ஆவணியில் ஒரு நாள் குருவம்மாளே வந்து, அண்ணனுக்குச் சர்க்கரை கூடி நடக்க முடியவில்லை என்று கையோடு கூட்டிப்போனார். சோழபுரம் தாண்டியதும் பாதையின் இரண்டு பக்கமும் தோப்புக்குத் தோப்பு புதுப் போர்களின் நீலக் குழாய்கள் நின்றன. செல்வலட்சுமி எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார்.

"எல்லாம் ஒன்னாலதான் செல்வி," என்றார் குருவம்மாள். குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை, பெருமைதான் இருந்தது.

"என்னாலயா?"

"பின்ன? இந்தப் பக்கம் போர் வண்டிக்கு ஆள் பிடிக்கிறவன் இப்பவும் ஒன் பேரச் சொல்லித்தான் பேசுதான். ஏட்டய்யா மக பெரிய ஆராய்ச்சிக்காரி வந்து பாத்துச் சொல்லிருக்காக, பத்தாயிரம் வருசமா வத்தாத தண்ணி கீழ இருக்குன்னு."

 பத்தாயிரம் வருடம் என்றால் எல்லோரும் பயப்படுவார்கள் என்று செல்வலட்சுமி நினைத்திருந்தார். பெரிய எண் யாரையும் பயமுறுத்துவதில்லை. கோயில் எவ்வளவு பழையதோ அவ்வளவு சக்தி என்பதுபோல, அது ஒரு நற்சான்றிதழாகிவிட்டது.

வெயிலில் நடந்து வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. தோப்பு வீட்டுக்குள் போனதும் குருவம்மாள் ஒரு செம்பை நீட்டினார்.

"மொதல்ல செத்த தண்ணி குடி. பொறவு பேசலாம்."

செல்வலட்சுமி செம்பைக் கையில் வாங்கியபடியே நின்றார். மதினியின் வாயைப் பார்த்தார். செம்பைப் பார்த்தார். இந்த ஊரில் செத்த நேரம் என்றால் கொஞ்ச நேரம். செத்தப் பொறு என்று அவரே அன்றைக்குப் போனில் சொல்லியிருக்கிறார். நேரம் என்றாலும் தண்ணீர் என்றாலும் அவர் பிறந்ததிலிருந்து இந்தச் சொல்லுக்கு இங்கே ஒரே பொருள்தான். வருடக்கணக்கில் ஆங்கிலத்தில் 'டெட்' என்று சொல்லிச் சொல்லி, அதை வீட்டுக்குக் கொண்டுவந்து தமிழாக்கியபோது, அந்தத் தமிழ்ச் சொல் ஏற்கனவே வேறு வேலையில் இருந்தது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. வந்த இடத்தில் அவர்தான் அன்னியமாகப் பேசியிருக்கிறார். தங்கள் காதில் விழுந்ததைத் தங்கள் மொழியில் கேட்டவர்கள்மேல் தவறில்லை.

தண்ணீரைக் குடிக்காமலேயே உள் அறைக்குப் போனார். சங்கையா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அன்னைக்கு மோட்டார் ரூம்ல நான் என்ன சொன்னேன்?"

"வந்ததும் வராததுமா விசாரணையா? நல்லாருக்கியாண்ணு ஒரு வார்த்தை கேளுட்டி. அப்பன் புத்தி அப்படியே இருக்கு."

"சொல்லுண்ணே."

"கீழ செத்த தண்ணி இருக்குன்ன. போதும்ன்னேன். நீ மூஞ்சியத் தூக்கிட்டுப் போன."

"செத்தன்னா கொஞ்சம் இல்லண்ணே. செத்துப்போன தண்ணி. பொணம். எடுத்தா திரும்ப ஊறாது, ஒன் பேரன் காலத்துலயும் ஊறாதுன்னு அர்த்தம்."

சங்கையா அவரை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்து இருமினார். குருவம்மாள் ஓடிவந்து முதுகைத் தடவினார்.

"இதுக்கா ஆறு வருசம்? ஏட்டி, அத அப்பவே தமிழ்ல சொல்லித் தொலைக்கக் கூடாது?"

செல்வலட்சுமியும் சிரிக்க முயன்றார். ஆறு வருடமாகச் சுமந்த கோபத்துக்கு ஆதாரமே இல்லை என்று தெரிந்ததில் ஒரு நிம்மதியும் இருந்தது. எல்லாம் ஒரு சொல்லால் வந்த வினை. சொல் சரியாக இருந்திருந்தால் இந்தப் பிரிவும் நேர்ந்திருக்காது, கீழே இருந்த தண்ணீரும் இருந்த இடத்தில் இருந்திருக்கும். அப்படி நினைத்துக்கொள்ள அவருக்குச் சில நிமிடங்கள் கிடைத்தன.

"அப்ப, நான் சொன்னது ஒழுங்காப் புரிஞ்சிருந்தா நீ போர் போட்டிருக்க மாட்டதானண்ணே?"

 சங்கையா பொய் சொல்கிற ஆளில்லை. அது ஒரு நல்ல குணம்தான், ஆனால் அதனால் யாருக்கும் நன்மை வந்ததில்லை.

"போட்டிருப்பேன்."

"அண்ணே…"

"மரம் கண்ணு முன்னால தலை சாயுது. ஒவ்வொண்ணும் நான் வச்ச மரம். வேலுசாமி பக்கத்துல தண்ணி கொட்டுது. அது செத்ததா உசுரோட இருக்கான்னு பாப்பேனா? நான் விட்டா அவன் உறிஞ்சுவான். அவன் விட்டா இன்னொருத்தன். நீ பொணம்னு சொல்லிருந்தாலும் போட்டிருப்பேன். என்ன, சத்தமில்லாமப் போட்டிருப்பேன்."

குருவம்மாள் மெதுவாகச் சொன்னார், "அவிய சொல்றது நெசந்தான் செல்வி. அன்னைக்கு நானும் போடுங்கன்னுதான் சொன்னேன்."

நாம் ஒருவருக்கொருவர் புரியாததால்தான் கெடுகிறோம் என்று நம்புவதில் ஒரு ஆறுதல் உண்டு. தெளிவாகப் பேசினால் உலகம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அதற்குள் ஒளிந்திருக்கிறது. அந்த ஆறுதல் செல்வலட்சுமியிடம் தங்கியது, மதினி நீட்டிய செம்புக்கும் அண்ணன் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கும் இடையில் மட்டுமே.

அந்தச் சமயத்தில் சங்கையாவின் போரில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, பிறகு காற்று. வேலுசாமியுடையது அதற்கும் முன்னாலேயே நின்றுவிட்டிருந்தது. மார்கழியில் பெரிய மழை பெய்தது. தெற்கே ஊர்கள் மூழ்கின. இங்கேயும் ஓடைகள் புரண்டு ஓடின. தை பிறந்ததும் சங்கையாவே போன் செய்தார். குரலில் இளமை வந்திருந்தது.

"ஏட்டி, ஒன் பொணத்துக்கு உசுரு வந்திருச்சு. மோட்டார் மூணு மணி நேரம் ஓடுது. வந்து பாரு."

வேலுசாமியின் போரிலும் தண்ணீர் ஏறியிருந்தது. ஆனால் பாதைக்கு அந்தப் பக்கம் அய்யம்மாள் என்ற பெண்ணின் கிணறு, எந்தக் கோடையிலும் முழங்கால் அளவாவது தண்ணீர் கிடந்த கிணறு, அத்தனை மழைக்குப் பிறகும் தரை தெரியக் கிடந்தது. கிணற்றுக்குக் கண்ணு பட்டுவிட்டது என்று அய்யம்மாள் சொல்லிக்கொண்டிருந்தார். செல்வலட்சுமி அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு அண்ணனுடைய போரிலிருந்து ஒரு பாட்டில் பிடித்து, பழைய ஆய்வுக்கூடத்துக்குத் தன் பெயரில் அனுப்பினார்.

முடிவு சித்திரையில் வந்தது. ஆயிரத்து இருநூறு அடித் தண்ணீரில் ட்ரிட்டியம் இருந்தது. தெளிவாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல். அது இப்போதைய மழை.

அதன் பொருள் அவருக்கு உடனே விளங்கியது. ஒவ்வொரு போரிலும் மேலே மண் சரியாமலிருக்கக் கொஞ்ச தூரம்தான் குழாய் இறக்குவார்கள். அதற்குக் கீழே வெறும் பாறைத் துளை. மேல்பாறையின் வெடிப்புகளில் ஊறும் நீர் அந்தத் துளைகள் வழியாக ஆழத்துக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. மழையை ஏந்தி வைத்து வருடா வருடம் திருப்பிக் கொடுத்த மேல்பகுதி, எண்ண முடியாத ஓட்டைகள் விழுந்த சட்டியாகிவிட்டது. பத்தாயிரம் வருடத் தண்ணீரைத் தீர்த்தாயிற்று. இனி வருகிற மழையும் நிற்க இடமில்லை. முப்பது வருடத்தில் இவ்வளவு துல்லியமான ஒரு முடிவு அவருக்குக் கிடைத்ததில்லை.

அதை எப்படிச் சொல்வது என்று பல நாள் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். கீழே புதுத் தண்ணி வந்திருக்கு. நல்லதுதானே என்பார்கள். மழைத்தண்ணி கீழ இறங்குது. அதுக்குத்தானே போர் போட்டோம் என்பார்கள். மேல் தண்ணி ஒழுகிப் போகுது. எங்க ஒழுகுது, நம்ம போருக்குத்தானே என்பார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்த வாக்கியம் நல்ல செய்தியாகவே போய் விழுந்தது. இந்தத் தடவை சொல்லில் குற்றமில்லை. கேட்பவர்களுக்குத் தண்ணீர் தேவையாக இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த முறை தோப்புக்குப் போனபோது வேலுசாமியும் வந்து உட்கார்ந்திருந்தார்.

"பாட்டில் அனுப்புனியே, ரிசல்ட்டு வந்துச்சா?" என்று சங்கையா கேட்டார்.

செல்வலட்சுமி மேற்கு வரிசையைப் பார்த்தார். சாய்ந்த மரங்கள் இருந்த இடத்தில் புதுக் கன்றுகள் வைத்திருந்தார்கள்.

"இன்னும் வரலண்ணே."

"வந்தா மறைக்காமச் சொல்லுங்க தாயி," என்றார் வேலுசாமி. "கெழக்க ஒரு போருக்கு எடம் பாத்து வச்சிருக்கேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா தைரியமாப் போடலாம்."

"நான் ஒண்ணும் சொல்லலன்னா?"

"வண்டிக்குச் சொல்லியாச்சு. வெள்ளிக்கிழமை வருது."

வேலுசாமி சிரித்தார். சங்கையாவும் சிரித்தார்.  செல்வலட்சுமி சமையல் பக்கம் திரும்பி, கொஞ்சம் தண்ணி குடுங்க மதினி என்று கேட்டார்.

"கொஞ்சம்னு என்ன புதுசா டவுன் பேச்சு?" என்றார் குருவம்மாள், செம்பை எடுத்துக்கொண்டே.